பல்கலைக்கழகத்தில் கிறித்தவமும் பண்பாடும்: சேருமுன் கேட்கப்படும் கேள்விகள்

கிறித்தவ இயலில் முதுகலை முடித்து அதிலேயே ஆய்வும் செய்து வருவதால், ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னை அழைத்து ஐயங்களைக் கேட்பார்கள். ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் தமிழ்க் கிறித்தவத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். இங்கே படிக்க வருபவர் நேரில் போய்ப் பார்த்துத் தொட்டுப் படிக்கக்கூடிய சான்றுகள் அதில்தான் மிகுதி.

கிறித்தவ இயல் என்றால் பாதிரியார் ஆவதற்கான படிப்புதானே?

இல்லை. குருவாகவோ போதகராகவோ பணியாற்ற விரும்புவோர் படிப்பது இறையியல். அது குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுகிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற பல நிறுவனங்கள் வங்காளத்துச் செராம்பூர் பேரவையின் பட்டங்களுக்கு மாணவரைப் பயிற்றுகின்றன. 1818இல் தொடங்கப்பட்ட செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் அரசர் 1827இல் அளித்தார். அங்கே நம்பிக்கை முன்கூட்டியே ஏற்கப்பட்ட ஒன்று. அதை ஆழமாக உணர்வதும் சபைக்கு எடுத்துரைப்பதுமே படிப்பின் நோக்கம்.

பல்கலைக்கழகத் துறையின் இயல்பு வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமண இயல், இசுலாமிய இயல் ஆகியவற்றோடு கிறித்தவ இயலுக்கும் ஒரு துறை இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய துறை உண்டு. இலங்கையில் உயர்தர வகுப்பிலேயே ‘கிறிஸ்தவ நாகரிகம்’ ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதைப் பட்டப்படிப்பாகத் தொடரலாம். இந்த இடங்களில் கிறித்தவம் வரலாறாகவும் இலக்கியமாகவும் சமூக வாழ்க்கையாகவும் படிக்கப்படுகிறது. தேர்வுத்தாளில் உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண் கிடையாது. சான்றை எப்படிக் கையாண்டீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

நான் இந்து. சேர்த்துக்கொள்வார்களா? சேர்ந்தால் சங்கடமாக இருக்காதா?

பல்கலைக்கழகத் துறைகளில் சேர்க்கைக்கு மதம் நிபந்தனை ஆகாது. எந்தெந்த இளங்கலைப் பட்டங்களை ஏற்பார்கள் என்பதை மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கடத்தைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் சில வாரங்கள் மத்தேயு யார், மாற்கு யார் என்று தெரியாமல் தடுமாற நேரலாம். ஆனால் கிறித்தவ வீட்டில் பிறந்தவருக்கு வேறொரு தடை இருக்கிறது: சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவை அவர் கண்ணில் படுவதில்லை. என்னோடு படித்தவர்களில் மிக நல்ல கேள்விகளைக் கேட்டவர் சிவன் கோயில் ஓதுவார் குடும்பத்திலிருந்து வந்தவர். ‘ஆராதனையில் பாடுபவர் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார், எங்கள் கோயிலில் தெய்வத்தைப் பார்ப்பதற்கல்லவா போகிறோம்’ என்று அவர் கேட்டபோது, இருபது ஆண்டுகளாகக் கண்ணை மூடியே பாடிவந்த எனக்கு விடை தெரியவில்லை.

பண்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? குத்துவிளக்கு, கோலம், பரதநாட்டியம் இவைதானா?

அவையும்தான், ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் படிப்பு கலைநிகழ்ச்சி அட்டவணை போல ஆகிவிடும். உறவுமுறை, உணவு, சாவுச் சடங்கு, தாலி, சாதி, நிலவுடைமை, மரியாதைச் சொற்கள், பாட்டின் மெட்டு என மனிதர் கூடி வாழும்போது தாமாகவே கைக்கொள்பவை யாவும் பண்பாடே. தமிழ்நாட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பகுதியில் ‘ஞானப்பாட்டுகள்’ இருக்கும்; அவை பெரும்பாலும் செருமன், ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள், மேலைநாட்டு மெட்டில் நின்றுகொண்டு பாடப்படுபவை. அடுத்த பகுதியில் ‘கீர்த்தனைகள்’ இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரிந்திருக்கும். ஒரே அட்டைக்குள் இரண்டு இசை உலகங்கள். யார் சேர்த்தார்கள், எப்போது, எதிர்த்தவர் யார், மூன்றாவதாக வந்திருக்கக்கூடிய நாட்டுப்புறப் பாட்டு ஏன் வெகுகாலம் உள்ளே வரவில்லை என்று கேட்கத் தொடங்கினால் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கோட்பாட்டுத் தாளில் அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபர் 1951இல் முன்வைத்த ஐந்து வகைகள் கட்டாயம் வரும்: கிறிஸ்து பண்பாட்டுக்கு எதிராக நிற்பவர், பண்பாட்டோடு ஒன்றியவர், அதற்கு மேலானவர், அதனோடு தீராத முரணில் இருப்பவர், அதை மாற்றுபவர். மாணவர்கள் இவற்றை ஐந்து பெட்டிகளாக வைத்துக்கொண்டு எதைப் பார்த்தாலும் ஏதாவதொரு பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ‘பண்பாடு’ என்று ஒரே ஒன்று இருப்பதாக எண்ணினால்தான் அந்தப் பெட்டிகள் உதவும். நம் ஊர்களில் ஒரே கிராமத்தில் பல பண்பாடுகள் உண்டு. ஆகவே யாருடைய பண்பாடு என்ற கேள்வியை எப்போதும் முதலில் வையுங்கள். கீழே வரும் விடைகளில் பலவும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதத்துக்கும் தமிழ்ப் பண்பாட்டுக்கும் அப்படி என்ன உறவு?

கிறித்தவம் மேற்கு ஆசியாவில் பிறந்தது. ஐரோப்பியர் கடல்வழியாக வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேரளக் கரையில் சிரிய மொழியில் வழிபட்ட கிறித்தவர் வாழ்ந்தனர். சென்னை பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் பேசும் மக்கள் பெருந்திரளாகக் கிறித்தவரானது 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் தொடங்கியது. அவர்களுக்காக அன்றீக்கே அன்றீக்கசு என்ற போர்த்துக்கீசக் குரு உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. கடவுளைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘தம்பிரான்’. சைவ மடங்களில் இன்றும் துறவியரைக் குறிக்க வழங்கும் சொல் அது.

உறவு ஒருபக்கமானதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற இளைஞரான ஆறுமுக நாவலர், பிறகு சைவத்தைக் காக்கப் புறப்பட்டபோது மிசனரிகளிடம் கண்ட கருவிகளையே கையில் எடுத்தார்: கோயிலில் பிரசங்கம், 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம், பிறகு அச்சுக்கூடம், பிள்ளைகளுக்கு வினாவிடைப் பாடநூல். கிறித்தவத்தின் தாக்கத்தை மதம் மாறியவர்களிடம் மட்டும் தேடுபவர் இந்தப் பாதியைத் தவறவிட்டுவிடுவார்.

ராபர்ட் டி நொபிலி காவி கட்டியது ஏமாற்று வேலை இல்லையா?

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு நொபிலி, காவி உடுத்து, மரக்கறி உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்றுத் ‘தத்துவ போதகர்’ என்ற பெயரில் வாழ்ந்தார். அதுவரை இங்கே கிறித்தவராவது என்பதற்குப் ‘பறங்கிக் குலத்தில் சேர்வது’ என்றே பொருள் இருந்தது. மாட்டிறைச்சியும் மதுவும் கொள்ளும் அயலாரின் சாதியில் சேர்வதாக உயர்சாதியார் அதைக் கண்டனர். தாம் பறங்கி அல்லர், உரோமையில் உயர்குடியில் பிறந்தவர் என்று நொபிலி வெளிப்படையாகவே அறிவித்தார். ஆகவே அயல்நாட்டவர் என்பதை மறைத்து ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை.

பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை குலத்தையும் தகுதியையும் காட்டும் சமூக அடையாளங்களே, மத அடையாளங்கள் அல்ல என்பதுதான் அவருடைய வாதத்தின் ஆணிவேர். மதுரையிலேயே பரதவர்களிடையே பணிசெய்த கொன்சாலோ பெர்னாண்டசு என்ற குரு அதை ஏற்காமல் மேலிடத்துக்கு முறையிட்டார். வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை (போப்) நொபிலியின் முறைக்கு இசைவு தந்தார். பூசல் அதோடு தீரவில்லை; 1704இல் டூர்னோன் என்ற திருத்தந்தைத் தூதர் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையும், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் விடுத்த ஆணையும் அத்தகைய சடங்குகள் பலவற்றைத் தடைசெய்தன.

மாணவர்கள் பெரும்பாலும் ‘ஏமாற்றா, தழுவலா’ என்று வாதாடியே கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. நொபிலி தழுவிக்கொண்ட ‘நம் பண்பாடு’ மதுரையின் உயர்சாதிப் பண்பாடு. அதில் பிறந்தவர்கள் தம் வழக்கங்களோடு உள்ளே வந்தார்கள். மற்றவர்களோடு உடனிருந்தால் அந்த மதிப்புக் கெடும் என்பதால் மற்றவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 1640 முதல் ‘பண்டாரசாமிகள்’ என்ற தனி வகைக் குருக்கள் தாழ்த்தப்பட்டோரிடையே பணிசெய்ய அமர்த்தப்பட்டனர். தழுவலின் விலையை யார் செலுத்தினார்கள் என்று கேட்காமல் நொபிலியைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அது அரைகுறை ஆய்வே.

ஒரே பைபிள்தானே, அதில் கடவுளுக்கு ஏன் இத்தனை பெயர்?

பழைய கத்தோலிக்கர் ‘சருவேசுரன்’ என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்த செருமன் மிசனரி பப்ரிசியுசு ‘பராபரன்’ என்று எழுதினார். 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது; சீர்திருத்தச் சபையார் பெரும்பாலோர் இன்றும் அதையே வாசிக்கின்றனர். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்ற சொல்லைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. எந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தாலும் பழைய வாசனை கொஞ்சம் கூடவே வரும். ஆட்பெயர்களும் இப்படித்தான். ஊரில் சூசையப்பர், அருளப்பர், சின்னப்பர் என்று கேட்டால் கத்தோலிக்க வழி. யோசேப்பு, யோவான், பவுல் என்று கேட்டால் சீர்திருத்தச் சபை வழி. வீரமாமுனிவர் இன்னும் ஒருபடி மேலே போய், ‘பெருகச் செய்வார்’ என்ற பொருள் தரும் எபிரேயப் பெயரான யோசேப்பை ‘வளன்’ என்று ஆக்கி, 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்குத் தலைவனாக்கினார்.

மொழிபெயர்ப்பு இந்த மதத்துக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததும் அல்ல. இயேசு பேசியது அரமேயம்; நற்செய்திகள் நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்கத்தில். முதல் தலைமுறையிலேயே, யூதரல்லாதவர் கிறித்தவராக விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடி விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்ததை விவிலியத்தின் ‘திருத்தூதர் பணிகள்’ நூல் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. பண்பாட்டைப் பற்றிய கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

வேளாங்கண்ணியில் மொட்டை போடுவது, தேர் இழுப்பது எல்லாம் இந்து வழக்கம்தானே?

இந்தக் கேள்வியைக் கிறித்தவரும் கேட்கிறார்கள், இந்துக்களும் கேட்கிறார்கள். கேட்கும் நோக்கம் வேறு வேறு. ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் நடக்கும் திருவிழாவில் முடி காணிக்கை, பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுதல், கை கால் வடிவில் செய்த தகடுகளைச் செலுத்துதல், சப்பர பவனி ஆகிய அனைத்தையும் காணலாம். மொட்டை நம் மண்ணின் வழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோய் நீங்கிய உறுப்பின் வடிவத்தைக் காணிக்கையாக்குவதும், புனிதரின் சுருபத்தை (சிலையை) தெருவில் தூக்கிச் செல்வதும் இத்தாலியிலும் போர்த்துக்கல்லிலும் நெடுங்காலமாக உள்ளவை. இரண்டு ஊர்களின் பழக்கங்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு சேர்ந்தன என்பதே பொருத்தம்.

1693இல் அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ தலைவெட்டுண்ட ஓரியூரில் அங்குள்ள செம்மண்ணை அவருடைய இரத்தத்தோடு தொடர்புபடுத்தி எடுத்துச் செல்கிறார்கள். வருபவர் எல்லாரும் கிறித்தவர் அல்லர். இத்தகைய இடத்தில் ‘இது யாருடைய வழக்கம்’ என்று பட்டயம் தேடுவதைவிட, தேரின் வடத்தை முதலில் தொடும் உரிமை எந்தக் குடும்பத்துக்கு, மண்டகப்படி யாருக்கு, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள்.

கிறித்தவத்தில் சாதி இல்லை என்கிறார்கள். பிறகு பாடத்தில் ஏன் இவ்வளவு சாதி?

போதனையில் இல்லாதது கல்லறையில் இருப்பதால்தான். தனி இருக்கை, தனிக் கல்லறை, சப்பரம் போகாத தெரு ஆகியவை தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றின் பகுதி. 2008இல், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டதை ஒட்டி எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

எனக்கு இந்தப் படிப்பிலேயே மிகக் கடினமாக இருந்த பகுதி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் (1774–1864) பற்றிய பகுதி. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் அவர். சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகள் பலவும் அவருடையவை. சிறுவயதிலிருந்து அவற்றைப் பாடி வளர்ந்த எனக்கு அவர்மேல் தீராத பற்று உண்டு. புதிதாக வந்த மிசனரிகள் செய்யும் கொடுமைகள் என்று அவர் நான்கை அடுக்கினார்: பழகிய விவிலியத்தைத் திருத்துவது, திருமணத்திலும் சாவிலும் பூவைத் தடுப்பது, தமிழ்க் கீர்த்தனையைத் தடுப்பது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலப்பது. முதல் மூன்றில் மனம் அவர் பக்கமே நிற்கிறது. நான்காவதில் நிற்க முடியவில்லை. ஆனால் அவருக்கு அவை நான்கும் ஒரே பொருள். தம் பண்பாட்டைக் காப்பது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, எதிர்த்தவர்களும் பண்பாட்டின் பெயராலேயே எதிர்த்தார்கள்.

இதன் மறுபக்கத்தை இருபதாம் நூற்றாண்டில் அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு எடுத்துக்காட்டினார். கருநாடக இசைக் கீர்த்தனையும் ஒரு சாதியடுக்கின் பண்பாடே, சிற்றூர் உழைப்பாளிகளின் நாட்டுப்புறப் பாட்டும் பறையும் வழிபாட்டில் ஒலிக்க வேண்டும் என்பது அவர் நிலை. பாட்டுப் புத்தகத்தில் மூன்றாம் பகுதி ஏன் இல்லை என்று மேலே கேட்டதற்கு விடை இங்கே இருக்கிறது. சட்டப்பக்கத்தையும் படித்தாக வேண்டும்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், தலித் கிறித்தவர் சேர்க்கப்படவில்லை.

இதையெல்லாம் படித்தால் விசுவாசம் போய்விடாதா?

பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி இது. சிலருக்கு அசைவு ஏற்படுகிறது, மறைக்க விரும்பவில்லை. என் அனுபவத்தில், தன் சபையின் வழக்கங்கள் யாவும் வானத்திலிருந்து அப்படியே இறங்கியவை என்று நம்பி வந்தவருக்கே முதல் ஆண்டு கடினமாக இருக்கும். சாஸ்திரியாரைப் பற்றிப் படித்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பாட்டைப் பாட எனக்கு வாய் வரவில்லை. பிறகு பாடினேன், இன்றும் பாடுகிறேன், யார் எழுதியது என்பதைத் தெரிந்துகொண்டே.

எத்தனை மொழி தெரிய வேண்டும்?

முதுகலைக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். ஆய்வுக்கு வந்தால் தலைப்பே மொழியை முடிவுசெய்யும். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்த செருமன் மிசனரி சீகன்பால்கைப் படிப்பவருக்குச் செருமன் தேவை. அவருடைய கடிதங்களும் ஓலைகளும் செருமனியின் ஹாலே நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இயேசு சபைப் பணியைப் படிப்பவர் இலத்தீன், போர்த்துக்கீசம் ஆகியவற்றில் ஒன்றையாவது கற்க வேண்டும். கொடைக்கானல் செண்பகனூரில் அச்சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய தமிழ்க் கையெழுத்தைப் புள்ளியும் பத்திப் பிரிப்பும் இல்லாமல் வாசிக்கும் பயிற்சியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது.

சொந்த ஊர்ச் சபையையே கள ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம்; கதவு எளிதாகத் திறக்கும். ஆனால் இரண்டாம் விடையில் சொன்ன கண்பழக்கம் குறுக்கே நிற்கும். என் முதல் களப்பணி திருநெல்வேலிப் பக்கத்து ‘வேதக்கோவில்’ ஒன்றில், அறுப்பின் பண்டிகையன்று. பாடல்கள், திருமறைப் பகுதி, அருளுரைக் குறிப்பு என்று பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தேன். நெறியாளர் அந்த வரியில் விரலை வைத்தார். ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காயைத் திரும்பவும் காணிக்கையாக வைக்க, அதே காய் மூன்று முறை ஏலம் போயிருந்தது. முதலில் கேட்டவர் யார், அவரைவிடக் கூட்டிக் கேட்கத் துணிந்தவர் யார், வெளிநாட்டிலிருக்கும் மகன் பெயரில் யார் எடுத்தார்கள் என்று நெறியாளர் கேட்டார். எதையும் நான் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே முற்றத்துக்குத் திரும்பிப் போனேன். அசனத்துக்கு, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு, யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் அதிலிருந்தே வந்தது.

வேலை கிடைக்குமா?

இந்தத் துறைக்கென்றே உள்ள ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு. தேசியத் தகுதித் தேர்வில் ‘சமயங்களின் ஒப்பாய்வு’ ஒரு பாடமாக இருப்பதால் அந்த வழி திறந்திருக்கிறது. என்னோடு படித்தவர்கள் ஆவணக் காப்பகம், பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பத்திரிகை, தொண்டு நிறுவனம் என்று பிரிந்து சென்றனர். போட்டித் தேர்வு எழுதி அரசுப் பணிக்குப் போனவர்களும் உண்டு. குடும்பச் சுமை உடனே தோளில் விழும் நிலையில் இருப்பவர் கல்வியியல் பட்டம் போன்ற ஒன்றைச் சேர்த்து முடித்துக்கொள்வது நல்லது.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது? ‘கிறித்தவமும் தமிழ்ப் பண்பாடும்’ என்று வைக்கலாமா?

வேண்டாம், அது பத்துப் பேருடைய வாழ்நாள் வேலை. கையில் அடங்கும் ஒன்றை எடுங்கள். ஒரே வட்டாரத்துக் கிறித்தவத் தாலிகளில் சிலுவையும் புறாவும் திறந்த புத்தகமும் எந்தெந்தச் சபையில் எந்தெந்தச் சாதியில் வருகின்றன என்று ஒரு பொற்கொல்லரிடம் அமர்ந்து கேட்டு எழுதலாம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலத்தில் பாடப்படும், யாக்கோமே கொன்சால்வஸ் பாதிரியார் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ எந்த ஊரில் எந்த ஒப்பாரி மெட்டில் ஒலிக்கிறது என்று பதிவு செய்யலாம். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நாள் காலையில் குறிப்பேட்டோடு போய், கல்வெட்டுகளில் சாதிப் பெயர் எந்த ஆண்டு வரை பொறிக்கப்பட்டது, எந்த ஆண்டு நின்றது, நின்றபின் புதைக்கும் இடம் மாறியதா என்று எண்ணிப் பார்த்தால் அதுவே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.